முதியோர் பேணல் எவர் கடன்? – கல்முனைக் கரையோர ஊர்களை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

நீண்டகாலம் வாழ வேண்டும் என்பது மனித குலம் என்றும் வேண்டிநின்ற பேறு. பெரியோர் சிறியோரை வாழ்த்தும்போதும் நீடு வாழ்க என்றே வாழ்த்துவர். இலவச மருத்துவம், இலவசக் கல்வி, தாய்சேய் நலப் பணிகள் ஆகியவற்றின் பயனாக இலங்கை இப்பேற்றினைப் பெருமளவிற்கு எய்தியுள்ளது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களுள் 12.4 சதவீதத்தினர் அறுபது வயதினரும் அதற்கு மேற்பட்டோரும் ஆவர். அதன் பின்னர் அவ்விகிதம் மேலும் உயர்ந்துள்ளது. ஆகவே முதுமை தொடர்பாக இன்று எழுந்துள்ள இடர்ப்பாடுகள் ஒரு சமுதாயத்தின் வெற்றியிலிருந்து பிறந்தவை. வேண்டிப் பெற்ற நீண்ட வாழ்வை எவ்வாறு பேணுவது என்பதே இப்போது நம்முன் நிற்கும் வினாவாகும்.

வைத்தியசாலைகளின் நெருக்கடி பற்றிய உரையாடல்கள் யாவும் கட்டில்களின் தொகை, மருத்துவர் பற்றாக்குறை, மருந்துத் தட்டுப்பாடு என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. இவை மெய்யான குறைகளே. ஆயின் அவற்றின் அடியில் ஓர் அறவியல் வினா மறைந்து கிடக்கின்றது. தள்ளாமையுற்ற ஒருவரைப் பேணுதல் எவர் கடன்? பெற்ற பிள்ளையின் கடனா, வரி பெறும் அரசின் கடனா, அன்றி அவர் வாழும் ஊரின் கடனா? இவ்வினாவுக்குத் தெளிவான விடை காணாத சமுதாயம் தன் முதியோரை அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலிலே கொண்டுபோய் விடுகின்றது. விடையின்மையின் சுமையை அவ்வாயிலே தாங்குகின்றது.

இதனை ஆராய்வதற்கு அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் பொருத்தமானதொரு களமாகும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலுக்கும் வயல்வெளிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையில் ஊரோடு ஊர் ஒட்டி நெருங்கி அமைந்த நிலப்பரப்பு இது. தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும் அயலயலே வாழ்கின்றனர். வைத்தியசாலை இல்லை என்று இப்பகுதியைக் குறிப்பிட முடியாது. கல்முனை நகரில் மட்டும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை என இரண்டு உள. நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய இடங்களிலும் ஆதார வைத்தியசாலைகள் இயங்குகின்றன. வடக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் தொலைவில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை உள்ளது. ஒரே மாவட்டத்துள் கல்முனைக்கெனத் தனியான பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையும் உண்டு. இத்துணை வசதி படைத்த இடத்திலும் முதியோர் நோய் முற்றிய பின்னரே வைத்தியசாலையை அடைகின்றனர் எனின், குறை கட்டில்களின் தொகையில் மட்டும் இல்லை என்பது பெறப்படும்.

முதியவர் ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவிற்கு வந்துசேரும் வழியை நோக்குதல் வேண்டும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய குளிசைகளைப் பெற மாதந்தோறும் கிளினிக் கொப்பியோடு வைகறையிலே சென்று வரிசையில் அமர வேண்டும். அழைத்துச் செல்ல ஆளில்லாத மாதத்தில் அது தவறுகின்றது. குளிசை தீர்ந்த சில வாரங்களில் அழுத்தம் ஏறுகின்றது. ஒருநாள் கையும் காலும் விழுந்துவிடுகின்றன. இன்னொருவர் இரவில் எழுந்து கழிப்பறைக்குச் செல்கையில் ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிகின்றார். சுவரில் ஒரு கைபிடி இருந்திருப்பின், ஒரு சிறு விளக்கு எரிந்திருப்பின், அவ்வீழ்ச்சி நேராதிருந்திருக்கலாம். படுக்கையிற் கிடக்கும் வேறொருவருக்கு இரண்டு மணித்தியாலத்திற்கொரு தடவை புரட்டிவிட வேண்டும் என்பதை வீட்டார்க்கு எவரும் கற்பித்திலர். முதுகிலே புண் வைக்கின்றது. சிறுநீர் கழிக்க எழுப்பிவிட ஆளில்லையே என்று அஞ்சித் தண்ணீர் அருந்துவதையே குறைத்துக்கொண்ட மூதாட்டி, உடல் வறண்டு, கிருமித் தொற்றுற்று, அறிவு தடுமாறிய நிலையிற் கொண்டுவரப்படுகின்றார்.

இவற்றுள் ஒன்றேனும் திடீர் நிகழ்ச்சி அன்று. ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கான முன்வரலாறு உண்டு. அவ்வரலாறு முழுவதும் வைத்தியசாலைக்கு வெளியே, ஒரு வீட்டின் உள்ளறையில் நிகழ்ந்தது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை, அழைத்தவுடன் வாயிலுக்கு வருகின்றது. அது போற்றத்தக்க பணியே. எனினும் அது வருவது கதையின் இறுதிப் பக்கத்தில். முந்திய பக்கங்களில் எவரும் அவ்வீட்டுக்கு வந்திலர்.

வைத்தியசாலை முதியோர்க்கு முழுமையான புகலிடமும் ஆகாது. வயது முதிர்ந்த உடல் சில நாட் படுக்கையிலேயே வலுவிழக்கின்றது. நடந்து வந்தவர் நடக்க மாட்டாதவராகத் திரும்புவதுண்டு. அறியாத இடமும் இரவு முழுதும் அணையாத விளக்கும் சிலருக்கு மனக்குழப்பத்தை உண்டாக்குகின்றன. 1935இல் இங்கிலாந்தில் மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய மருத்துவர் மார்ஜரி வாரன், அயலிலிருந்த வறியோர் விடுதியின் எழுநூறுக்கும் மேற்பட்ட நோயாளரைப் பொறுப்பேற்றார். தீராதவர்கள் என்று படுக்கையில் விடப்பட்டிருந்தோரை ஒவ்வொருவராக ஆராய்ந்து, எழுப்பி நடக்கச் செய்து, பலரை வீட்டுக்கு அனுப்பினார். முதியோர் மருத்துவம் என்னும் தனித்துறை அம்முயற்சியிலிருந்தே வளர்ந்தது. படுக்கை தானே நோயாக மாறும் என்பதும், வீடு திரும்புதலும் மருத்துவத்தின் பகுதி என்பதும் அவர் கண்ட உண்மைகள்.

இவ்வுண்மை தமிழ் மரபுக்குப் புதிதன்று. வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பகுத்துள்ளார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து மருந்தூட்டிப் பேணுபவனையும் அவர் ஓர் உறுப்பாக எண்ணினார். உடனிருந்து பேணுதல் உறவினர் செய்யும் உபகாரமாக அங்கே கருதப்படவில்லை. அது மருத்துவத்தின் நாற்கூற்றில் ஒன்று. இன்றைய சுகாதார ஏற்பாட்டில் முதல் மூன்று கூறுகளுக்கும் அரசு வழிவகுத்துள்ளது. நான்காம் கூறு வீட்டாரின் தலையிலே விடப்பட்டுள்ளது. வீட்டார் என்று பொதுப்படக் கூறினும், உண்மையில் அது ஒரு பெண்ணின் தலையில் விடப்பட்டுள்ளது.

இவ்விடத்துக் கிழக்குக் கரையோரத்தின் குடும்ப அமைப்பு கருத்தூன்றி நோக்கத்தக்கது. இப்பகுதி முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடி முறை நெடுங்காலமாக நிலவுகின்றது. மணமகன் மணமகளின் வீட்டுக்குச் சென்று வாழ்வதே வழக்கம். பெற்றோர் மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பர். மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டையே ஒப்படைத்து, அதே வளவில் அல்லது அயலில் ஒரு சிறு மனையில் ஏனைய பிள்ளைகளோடு ஒதுங்குவோரும் உளர். இறுதிக் காலத்தில் ஒரு மகளின் வீட்டிலே, பெரும்பாலும் இளைய மகளோடு, அவர்கள் தங்குவர். சகோதரிகள் அயலயல் வளவுகளில் வாழ்ந்தமையால் ஒருத்தி சமைக்க, மற்றொருத்தி குளிப்பாட்ட, பேரப்பிள்ளை வெற்றிலை இடித்துக் கொடுக்க, முதுமை பலர் கைகளிற் பகிரப்பட்டது. மாமியார் வீட்டில் மருமகள் அஞ்சி வாழும் ஏனைய சமுதாயங்களோடு ஒப்பிடுமிடத்து, பெற்ற தாயை மகளே பேணும் இவ்வேற்பாடு மென்மையானது, மேன்மையானது.

ஆயின் எந்த ஏற்பாடும் சில நிபந்தனைகளின் மீதே நிற்கும். வளவைப் பகுக்க நிலம் வேண்டும். சகோதரிகள் அயலில் இருத்தல் வேண்டும். பகற்பொழுதில் வீட்டில் ஆள் வேண்டும். நெருங்கிய கரையோரத்தில் நிலம் அருகிவிட்டது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் நாடிச் செல்லும் வழக்கம் பெருகி, ஆண்களையும் வறிய குடும்பத்துப் பெண்களையும் வீட்டிலிருந்து பிரித்தது. கல்வி பெற்ற மகளிர் ஆசிரியைகளாகவும் எழுதுவினைஞர்களாகவும் காலையிற் புறப்படுகின்றனர். இது வேண்டத்தக்க முன்னேற்றம். 2004 டிசம்பர் 26இல் நிகழ்ந்த கடற்கோள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோர வளவுகள் துடைத்தழிக்கப்பட்டன. தப்பியோர் பலர் புதிய வீட்டுத் திட்டங்களிலும் மாடிக் குடியிருப்புகளிலும் குடியமர்த்தப்பட்டனர். வீடு கிடைத்தது, வளவு கிடைக்கவில்லை. தாயும் மகளிரும் அயலயல் வாழ்ந்த கட்டமைப்பு அவ்விடப்பெயர்வில் சிதைந்தது. மாடிப்படி ஏறமாட்டாத முதியவர் தம் வீட்டிலேயே சிறைப்பட்டார்.

எனவே பிள்ளைகள் மனம் மாறிவிட்டனர், காலம் கெட்டுவிட்டது என்று மேடைகளிற் கூறப்படும் விளக்கம் போதாது. பாசம் குன்றியதனால் மட்டும் முதியோர் தனித்தனர் எனக் கொள்ள இயலாது. பாசத்தைச் செயலாக்கிய ஏற்பாடு குலைந்தது. அதன் இடத்தில் வேறோர் ஏற்பாடு அமையவில்லை. கட்டாரிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்பும் மகன் பாசமற்றவன் அல்லன். ஆயினும் பணம் முதுகைப் புரட்டிவிடாது.

இனி முன்னெழுப்பிய வினாவுக்கு வருவோம். பேணல் பிள்ளையின் கடனே என்பது முதல் விடை. அரிஸ்டாட்டில், தந்தைக்கு மகன் பட்ட கடனை முற்றாக அடைக்க ஒருபோதும் இயலாது என்று கருதினார். இஸ்லாமியச் சட்ட மரபும் வறிய பெற்றோரின் வாழ்க்கைச் செலவை வசதியுள்ள பிள்ளைகளுக்குக் கடமையாக்கியுள்ளது. இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணித்தலாகாது என விதித்து, பராமரிப்புக் கோரி முறையிடுவதற்குச் சபையொன்றையும் நிறுவியது. இவ்விடையில் உண்மை உண்டு. எனினும் இது முழு விடை ஆகாது. பிள்ளையற்றோருக்கு யார் கடன்பட்டவர்? பிள்ளையை ஆழிப்பேரலையிற் பறிகொடுத்தோருக்கு யார்? ஜேன் இங்கிலிஷ் என்னும் அமெரிக்க மெய்யியலாளர் 1979இல் வெளியான கட்டுரையில், பெற்றோர் பிள்ளை உறவைக் கொடுக்கல் வாங்கற் கணக்காகக் கொள்வதே பிழை என்றும், அங்கு நிலவும் அன்பிலிருந்தே கடமை பிறக்கின்றது என்றும் வாதிட்டார். அவர் கூற்றை முற்றாக ஏற்காதோரும் ஒன்றை மறுக்கவியலாது: கடன் என்று கணக்கிட்டால், வீட்டைப் பெற்ற மகளே முழுக் கடனையும் செலுத்த வேண்டும் என்ற முடிவுக்கே ஊர் வந்துசேரும். மனைவியின் வீட்டுக்குச் சென்ற ஆண்மக்கள் பெருநாளன்று வந்து நலம் விசாரித்துச் செல்வதோடு கடன் தீர்ந்ததாகிவிடும். இது நீதியன்று.

பேணல் அரசின் கடன் என்பது இரண்டாம் விடை. வாழ்நாள் முழுதும் உழைத்து வரி செலுத்திய குடிமகனுக்கு முதுமையில் பாதுகாப்புப் பெறும் உரிமை உண்டு. இதிலும் உண்மை உண்டு. இந்நாட்டு அரசு வீடு தேடிச் செல்ல அறியாததும் அன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது முதல், கர்ப்பிணித் தாயின் வீட்டுக்கு மருத்துவமாது நடந்து சென்றாள். பதிவேட்டில் பெயர் எழுதி, நாள் குறித்து, வராத தாயைத் தேடிச் சென்றாள். தாய்சேய் மரணம் இந்நாட்டில் வெகுவாகக் குறைந்தமைக்கு அப்பெண்களின் கால்நடை ஒரு முதன்மைக் காரணம். பிறப்பின் வாயிலில் வீடு தேடிவரும் அரசு, வாழ்வின் மாலையில் மட்டும் வைத்தியசாலை வாயிலில் காத்திருப்பது ஏன்? 2020இல் கொவிட் முடக்கத்தின்போது கிளினிக் நோயாளர்களின் மருந்துகளைத் தபாற் சேவகர் வீடுகளுக்குக் கொண்டுசென்றனர். இயலாது என்று கருதப்பட்டது சில வாரங்களில் இயன்றது. ஆயினும் அரசின் கைக்கு ஓர் எல்லை உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளும் மருந்தும் அருகியபோது அவ்வெல்லை எல்லோர்க்கும் புலனாயிற்று. மேலும், தாதி வந்து புண்ணுக்கு மருந்திடலாம். மாலை வேளையில் அருகமர்ந்து பழங்கதை கேட்பதற்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை.

இவ்விரு விடைகளுக்கும் இடையில் மூன்றாவது ஒன்று இக்கரையோர ஊர்களின் சிந்தனை மரபிலேயே உள்ளது. இஸ்லாமிய சட்டவியலார் கடமைகளை இரண்டாகப் பகுப்பர். ஒவ்வொருவரும் தாமே நிறைவேற்ற வேண்டியவை பர்ளு ஐன். சமுதாயம் கூட்டாக நிறைவேற்ற வேண்டியவை பர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் ஏனையோர் பொறுப்பு நீங்கும், எவரும் செய்யாதுவிடின் அனைவரும் குற்றவாளிகள் ஆவர். இறந்தவரைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, அடக்குதல் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. இமாம் கஸ்ஸாலி (1058–1111) மருத்துவக் கலையையும் இவ்வகையில் அடக்கினார். ஊரில் அதனை அறிந்தோர் இல்லாத நிலையில் எல்லோரும் சட்டக் கல்வியையே நாடுவதைக் கண்டித்தார்.

ஜனாஸாக் கடமையை இவ்வூர்கள் எவ்வளவு செம்மையாக நிறைவேற்றுகின்றன என்பதை எவரும் அறிவர். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் செய்தி கேட்ட சில மணித்தியாலங்களில் கபன், சந்தூக்கு, கப்று யாவும் ஆயத்தமாகும். இறந்தவர் செல்வரா வறியரா, பிள்ளை உடையவரா இல்லாதவரா என்று எவரும் வினவுவதில்லை. 2020இலும் 2021இன் தொடக்கத்திலும் கொவிட் தொற்றால் இறந்தோரின் உடல்கள் கட்டாயமாகத் தகனம் செய்யப்பட்டபோது இச்சமுதாயம் அடைந்த வேதனையும், ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தபோது அடைந்த ஆறுதலும் அண்மைக்கால வரலாறு. உயிர் பிரிந்த உடலுக்கும் கண்ணியம் உண்டு என்பதற்காக ஒரு சமுதாயமே நின்றது. அக்கண்ணியம் உயிர் பிரிவதற்கு முந்திய ஐந்தாண்டுகளுக்கு ஏன் இல்லாது போயிற்று? இறந்தவரைக் குளிப்பாட்ட ஊர் திரண்டு வருகின்றது. இறவாதவரைக் குளிப்பாட்ட ஒரு மகள் மட்டும் நிற்கின்றாள். இம்முரண்பாடே இக்கட்டுரையின் மையம். தள்ளாதோரைப் பேணுதலையும் கூட்டுக் கடமையாகக் கொள்ளின், பிள்ளையின் கடமை நீங்குவதில்லை. அதனைச் செய்யும் கைக்கு ஊரின் கை துணையாகின்றது.

இங்கு மூன்று தடைகள் எழுப்பப்படலாம். வீட்டுப் பராமரிப்பு என்னும் பெயரால் அரசு தன் செலவைக் குறைத்துக்கொண்டு பெண்களின் கூலியற்ற உழைப்பிற் சுமையை ஏற்றிவிடும் என்பது முதலாவது. இவ்வச்சம் நியாயமானது. வைத்தியசாலை நெருக்கடியைத் தணிப்பதே முதல் நோக்கமாயின் அவ்வாறே முடியும். மனிதனை வெறும் கருவியாகக் கொள்ளலாகாது, அவனையே நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்றார் கான்ற். முதியவரை நெருக்கடியின் ஓர் அலகாக எண்ணும் திட்டம் அந்நெறியை மீறுகின்றது. கட்டில் வெறுமையாகி, முதியவர் வீட்டில் தனித்துக் கிடப்பாராயின் அத்திட்டம் தோல்வியே. பேணல் செம்மையுறின் நெருக்கடி தணிதல் அதன் பயனாகத் தானே வந்தமையும். வீட்டின் அந்தரங்கத்துள் அயலார் புகுவது மானக்குறைவு என்பது இரண்டாவது தடை. மருத்துவமாது வாயிற்படி ஏறிய முதல் நாளிலும் இதுவே கூறப்பட்டிருக்கக் கூடும். இன்று அவள் வராவிடின் வீட்டார் தேடுகின்றனர். கூட்டுக் கடமை என்பது எவர் கடமையும் அல்லாததாய் முடியும் என்பது மூன்றாவது. பெயரும் முறையும் குறிக்கப்படாதவிடத்து அது உண்மை. ஜனாஸாவில் அவ்வாறு நேராமைக்குக் காரணம், இன்னார் இன்னது செய்வர் என்ற ஒழுங்கு அங்கு இருப்பதே.

அவ்வொழுங்கை அமைத்துக் காட்டிய சமுதாயங்களும் உள. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம், மலப்புறம் மாவட்டத்தில் அயலவர் வலையமைப்பாக விரிந்தது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் படுக்கையிலுள்ளோரைக் கண்டறிந்து வாரந்தோறும் சென்று பார்க்க, தாதியும் மருத்துவரும் அவர்களைத் தொடர்ந்து செல்கின்றனர். ஊராரின் சிறுசிறு நன்கொடைகளே அதன் தொடக்க முதல். 2008இல் கேரள அரசு அதனைத் தன் கொள்கையாக்கி உள்ளூராட்சி மன்றங்களோடு இணைத்தது. மலப்புறமும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். அங்கும் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர் என்பது கல்முனை வாசகர் கருதத்தக்கது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீடுகளுக்கே கொண்டுசெல்கின்றது. முன்னது ஊரிலிருந்து அரசுக்குச் சென்றது. பின்னது அரசிலிருந்து ஊருக்கு வந்தது. இரண்டும் இடைவழியிற் சந்தித்தல் வேண்டும்.

கல்முனைக் கரையோரத்தில் அச்சந்திப்புக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் தனித்தனியே உள்ளன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் உள்ளன. கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்கள் உள்ளன. பள்ளிவாசல்களில் ஒவ்வொரு குடிக்கும் மரைக்காயர் என்ற பொறுப்பாளர் இருந்த மரபு உள்ளது. ஸகாத் நிதி திரட்டும் அமைப்புகள் உள்ளன. ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அதன் மாணவரும் உள்ளனர். வீட்டை விட்டு வெளியேற இயலாதோரின் பெயரேடு ஒன்று ஒவ்வொரு மஹல்லாவிலும் பேணப்படலாம். வைத்தியசாலையிலிருந்து ஒரு முதியவர் வீடு திரும்பும் நாளில் அச்செய்தி அப்பகுதித் தாதிக்கும் தொண்டருக்கும் எட்டலாம். புரட்டும் முறை, ஊட்டும் முறை, புண் கழுவும் முறை ஆகியவற்றை மகளுக்கு மட்டுமன்றி மகனுக்கும் மருமகனுக்கும் கற்பிக்கலாம். பேணுகின்றவள் வறியவளாயின் சக்கர நாற்காலிக்கும் அணையாடைக்கும் ஸகாத் உதவலாம். வாரத்தில் ஒரு பகல் அவளுக்கு ஓய்வு கிடைக்க வேறொருவர் அமரலாம். இவ்வோய்வே எல்லாவற்றினும் அரிதாகவும் முதன்மையாகவும் கொள்ளத்தக்கது. பேணுபவள் நோயுற்றுச் சாய்ந்தால் ஒரு கட்டிலுக்குப் பதில் இரு கட்டில்கள் வேண்டப்படும்.

இப்பணி சமய எல்லையில் நின்றுவிடலும் ஆகாது. நிருவாக எல்லைகள் பற்றிய பிணக்குகள் கல்முனை மண்ணுக்குப் புதியன அல்ல. எனினும் காரைதீவிலும் பாண்டிருப்பிலும் தனித்திருக்கும் தமிழ்த் தாயின் முதுமையும், சாய்ந்தமருதில் தனித்திருக்கும் முஸ்லிம் தாயின் முதுமையும் ஒன்றே. அயலவர் உரிமை பற்றி இரு சமுதாயங்களின் நூல்களும் பேசுகின்றன. அயலவர் என்ற சொல்லுக்கு அவை சமயம் குறிக்கவில்லை. கோயிற் பரிபாலன சபையும் பள்ளிவாசல் நிருவாகமும் ஒரே தாதிக்கு முச்சக்கர வண்டி அமர்த்திக் கொடுப்பதில் எத்தடையும் இல்லை.

முதியோர் பேணல் எவர் கடன் என்ற வினாவுக்கு, பிள்ளை, அரசு, ஊர் ஆகிய மூன்றில் ஒன்றைத் தெரிவது விடையாகாது. அன்பினால் அணுகும் கடன் பிள்ளைக்கு உண்டு. அறிவும் மருந்தும் அனுப்பும் கடன் அரசுக்கு உண்டு. இவ்விரண்டும் ஒரு வீட்டின் உள்ளறையைச் சென்றடைகின்றனவா என்று பார்த்திருக்கும் கடன் ஊருக்கு உண்டு. முதலிரண்டும் இன்று குறையாகவேனும் உள்ளன. மூன்றாவதே இல்லாதுள்ளது. அதனை ஏற்பதற்கு இவ்வூர்கள் புதிதாக ஓர் அறத்தைக் கற்க வேண்டியதில்லை. இறந்தோர்க்குத் தாம் தவறாது செய்துவரும் கடமையைச் சில ஆண்டுகள் முன்னதாகத் தொடங்குதலே போதுமானது.